நான் கடையில் இருந்தால் நெட் ஓடும்

கடைவீதி:

பிரவுசர் ஒரேயடியாகத் திறக்காமல் போனால் கவலையில்லை. சர்வீஸ் பண்ணுகிறவரைக் கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார். பத்து நிமிடம் வரும், ஐந்து நிமிடம் வராது என்கிற கதைதான் ஆளைக் கொல்லும். எனக்கு அது மூன்று மாதம் ஓடியது.

ஜெராக்ஸ் எடுத்து, ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுத் தரும் சின்னக் கடை. கவுன்டரில் ஒரு தங்கை வேலை பார்க்கிறாள். "அண்ணா, நெட் போச்சு. ஓடிபி வந்துருச்சு, பக்கம் வரல, ஆளுங்க நிக்கிறாங்க" என்று வாரத்தில் நான்கைந்து தடவையாவது போன் வரும். வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவேன். போய் உட்கார்ந்தால் ஜம்மென்று ஓடும். உண்மையைச் சொன்னால், வேலைக்கு அலுத்துக்கொண்டுதான் சாக்குச் சொல்கிறாள் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

எல்லோரும் செய்வதை எல்லாம் செய்து முடித்தேன். பிரவுசர் சேர்த்துவைத்திருந்த பழைய பக்கங்களை (கேஷ்) அழித்தேன், குரோமைத் தூக்கிவிட்டு ஃபயர்பாக்ஸ் போட்டேன், தளத்தின் பெயருக்கு எண் தேடித் தரும் டிஎன்எஸ்ஸை கூகுளின் 8.8.8.8 என்று மாற்றினேன், புதுக் கேபிள் வாங்கினேன். இணைப்புக்காரர்கள் இரண்டு தடவை வந்து "லைன் சுத்தமா இருக்கு சார்" என்று சொல்லிப் போனார்கள். சுத்தமாகத்தான் இருந்தது.

அப்புறம் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நெட் போகும் நேரத்தை எழுதச் சொன்னேன். ஒரு நாள் 1:45க்குப் போயிருக்கிறது. உடனே வந்துவிட்டது. 1:50க்கு எனக்குப் போன் செய்திருக்கிறாள். 1:52க்கு மறுபடி போயிருக்கிறது. அந்த 1:52தான் உறுத்தியது. அவள் போன் செய்ததும் நான் என்ன செய்வேன்? கடையில் கூட்டம் இருக்கிறதா என்று வீட்டிலிருந்தே கேமரா ஆப்பைத் திறந்து பார்ப்பேன். சாப்பிட உட்காரும்போதும் ஒரு தடவை பார்ப்பது வழக்கம்.

மறுநாள் கவுன்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே மொபைல் டேட்டாவில் கேமராவைத் திறந்தேன். பிரவுசர் சுற்ற ஆரம்பித்தது. மூடினேன். கொஞ்ச நேரத்தில் பக்கம் வந்தது. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அப்படியே.

விஷயம் இவ்வளவுதான். கேமரா மாட்டிய பையன் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டிக்கு 192.168.1.10 என்று நிலையான ஐபி முகவரி எண் கொடுத்திருக்கிறான். அதற்கு ஒரு வருடம் முன்பே பிரிண்டரைப் பொதுவாக்க வந்தவர் கவுன்டர் கம்ப்யூட்டருக்கும் அதே எண்ணைப் போட்டுவைத்திருக்கிறார். ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு. கடைசியாக "பத்து நான்தான்" என்று குரல் கொடுத்தவர் வாசலில் ரவுட்டர் தபாலைப் போட்டுவிட்டுப் போகும். நான் கேமரா பார்க்க ஆரம்பித்தால் டிவிஆர் குரல் கொடுக்கும், விண்ணப்பப் பக்கத்தின் பதில் எல்லாம் அங்கே போய் விழும். நான் கடையில் இருந்தால் கேமரா பார்க்க மாட்டேன், அதனால் நெட் ஓடும்.

டிவிஆரை 192.168.1.200க்கு மாற்றினேன். ரவுட்டர் தானாகப் பங்கிடும் வரிசையில் அந்த எண் வராதபடி பார்த்துக்கொண்டேன். இரண்டு நிமிட வேலை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அது பழைய விண்டோஸ் 7. மூலையில் "ஐபி முகவரி மோதுகிறது" என்று சின்னப் பெட்டி ஒன்று வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. "விளம்பரம்னு நெனச்சு மூடிட்டேண்ணா" என்றாள்.

லேப் சார்:

கடைக்காரரே, உங்களுக்கு மணிக்கணக்கு, எங்களுக்குக் கிழமைக் கணக்கு. பள்ளி லேப்பில் திங்கள்கிழமை மட்டும் ஏழெட்டு கம்ப்யூட்டரில் எந்தப் பக்கமும் திறக்காது. பாதுகாப்பில்லாத இணைப்பு என்று சிவப்பாக மிரட்டும். வெள்ளிக்கிழமை மாலை மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போவோம். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி, 3 வோல்ட், செத்துப்போயிருந்தது. கரண்ட் இல்லாவிட்டால் கம்ப்யூட்டரின் தேதி பல வருடம் பின்னால் ஓடிவிடும். தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ் அந்தத் தேதிக்கு இன்னும் பிறக்கவே இல்லை, பிரவுசர் எப்படி நம்பும்? திங்கள் காலையில் பிள்ளைகளே தேதியைத் திருத்திக்கொள்வார்கள், வெள்ளி வரை ஓடும். ஒரு வருடம் இப்படியே ஓட்டினோம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடிகாரக் கடையில் கிடைக்கிற பேட்டரி அது.

மூன்றாம் மாடி:

என்னுடையது நேரத்தைப் பொறுத்து வரவில்லை, தளத்தைப் பொறுத்து வந்தது. ஃபைபர் இணைப்பு, புது ரவுட்டர். யூடியூப் பிரமாதமாக ஓடும். வங்கிப் பக்கமும் அலுவலகப் பக்கமும் பாதி நாள் "பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்துகிறது" என்பதோடு நின்றுவிடும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் அதே பக்கம் உடனே வரும். பிரவுசர் மேல் பழி போட்டு மூன்று பிரவுசர் மாற்றினேன் அண்ணா.

கடைசியில் தம்பிதான் பிங் போட்டுப் பார்த்தான், அதாவது சோதனைச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று. சாதாரண பிங் இல்லை, துண்டாக்கக் கூடாது என்று சொல்லி அளவையும் கொடுத்து. 1472 பைட் அனுப்பினால் பதில் இல்லை. இறக்கிக்கொண்டே வந்தான். 1464க்குப் பதில் வந்தது. அதோடு முகவரி விவரம் இருக்கும் தலைப்புக்கு 28 பைட் சேர்த்தால் 1492.

யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் பிபிபிஓஇ முறையில் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் 8 பைட் அதற்கே போய்விடும். 1500இல் மிச்சம் 1492தான். என் ரவுட்டரில் பொட்டலத்தின் அதிகபட்ச அளவு, எம்டியு, 1500 என்றே இருந்தது. கட்டிலை மாடிக்கு ஏற்றும்போது படித் திருப்பத்தில் சிக்குமே, அதுதான். சின்னச் சாமான் எல்லாம் ஏறிவிடும். பிங் போகும், தளத்தின் பெயரும் கிடைக்கும். சான்றிதழ் பெரிய பொட்டலமாக வரும்போது மாட்டிக்கொள்ளும். "பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு" என்று வழியில் இருக்கும் கருவி திருப்பிச் சொல்ல வேண்டும். சில தளங்களின் காவல் அமைப்பான ஃபயர்வால் அந்தச் செய்தியையே தடுத்துவிடுமாம். அந்தத் தளங்கள்தான் எனக்குத் தொங்கின. ரவுட்டரில் 1492 என்று மாற்றியதும் சரியாகிவிட்டது.

புதுசு:

எனக்குச் சின்னதுதான். இணைப்பை வேறு வழியாகத் திருப்பிவிடும் இலவச விபிஎன் ஒன்றைப் போட்டுப் பார்த்து நீக்கினேன். அது போகும்போது ப்ராக்ஸி (இடையில் நின்று பக்கத்தை வாங்கித் தருவது) இடத்தில் 127.0.0.1 என்று, அதாவது என் கம்ப்யூட்டரையே, எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறது. குரோம் வராது, தனக்கென்று தனி ப்ராக்ஸி அமைப்பு வைத்திருந்த ஃபயர்பாக்ஸ் வரும். அந்தத் தேர்வை அணைத்ததும் முடிந்தது. கடைவீதி அண்ணா, அந்தத் தங்கை என்ன சொன்னாங்க?

கடைவீதி:

ஒன்றும் சொல்லவில்லை தம்பி. இப்போதும் எப்போதாவது பக்கம் மெதுவாக வந்தால் போன் வரும், குரலில் மட்டும் ஒரு சிரிப்பு இருக்கும். "அண்ணா, கேமரா பாக்குறீங்களா?"