டெக்கலைச் சுத்தி வெள்ளி மினுக்கம், மட் அடிச்ச பிறகு பால் நிறம்: எங்க பிழை?

வவுனிக்குளம்:
1/76 அளவில இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) சிவப்பு பஸ் மாடல். அக்ரிலிக் பெயின்ற், மட் (மினுக்கமில்லாத) சிவப்பு. 'கிளிநொச்சி – முல்லைத்தீவு' பலகையை டெக்கல் பேப்பரில (தண்ணியில நனைச்சு வழுக்கி ஒட்டுற மெல்லிய பிலிம் உள்ள தாள்) இங்க்ஜெட்டில பிறிண்ட் எடுத்து, கிளியர் லக்கர் அடிச்சுக் காயவிட்டு, வெட்டி ஒட்டினன். காய்ஞ்சதும் எழுத்தைச் சுத்திப் பிலிம் வெள்ளியாய் மினுங்குது. அதுக்கு மேல மட் வார்னிஷ் ஸ்பிறே, மழை விட்ட கையோட பின்னேரம் அடிச்சது. இப்ப கூரை முழுக்கப் பால் ஊத்தின மாதிரி. எல்லாத்தையும் உரிச்சுத் திருப்பி அடிக்கவேணுமோ?

கனகராயன்:
உரிக்காதேங்கோ தம்பி. அது ரெண்டும் வேற வேற வருத்தம். கொட்டன்பட் (காது துடைக்கிற பஞ்சுக் குச்சி) ஒண்டை நனைச்சுக் கூரையில ஒருக்கால் தடவிப் பாருங்கோ. ஈரம் இருக்குமட்டும் வெள்ளை மறைஞ்சு, காய்ஞ்சதும் திரும்பி வந்தா அது வார்னிஷில. ஈரத்திலயும் அப்படியே மினுங்கினா டெக்கலுக்குக் கீழ காத்து.

மட் பெயின்ற் கிட்டத்தில பாத்தா மணல் காகிதம் மாதிரி. பிலிம் மேடுகளில மட்டும் ஒட்டும், பள்ளங்களில காத்து நிக்கும். அதாலதான் டெக்கலுக்கு முதல் குளோஸ் (மினுங்கிற) வார்னிஷ் மெல்லிசாய் ரெண்டு மூண்டு தரம் அடிச்சு, ஒரு நாள் காயவிடுறது. தண்ணியில 10–20 செக்கன் போட்டு வெளிய எடுத்து, பேப்பரில தானாய் வழுக்கும்வரை ஒரு நிமிஷம் வைக்கவேணும். ஒட்டுற இடத்தில மைக்ரோ செற் (டெக்கலை ஒட்டவைக்கிற திரவம்), மேல மைக்ரோ சோல் (பிலிமை இளக்கிப் படியவைக்கிற திரவம்). சோல் பட்டதும் பிலிம் சுருங்கும். பயத்தில விரல் வைக்காதேங்கோ, வைச்சா கிழியும். விட்டா தானே படியும்.

முறிகண்டி:
தண்ணியையும் பாருங்கோ. எங்கட கிணத்துத் தண்ணி கனக்கக் கடினம். கேத்தில் அடியில படியிற அதே வெள்ளைச் சுண்ணாம்புதான் டெக்கல் ஓரத்திலயும் கோடாய்க் காயும். பற்றரித் தண்ணியோ சுத்திகரிச்ச தண்ணியோ எடுத்து, ஒட்டி முடிய ஓரத்தை ஈரக் கொட்டன்பட்டால ஒத்திவிடுங்கோ.

இலக்கத் தகடும் ஒட்டுறதெண்டா ஒண்டு: பிறிண்டர் வெள்ளை அடிக்காது. தெளிந்த பேப்பரில எடுத்தா பின் தகட்டு மஞ்சள் சிவப்புக்கு மேல செத்துப்போம். வெள்ளை டெக்கல் பேப்பரில எடுங்கோ, இல்லாட்டி அந்த இடத்துக்கு முதல் வெள்ளை பூசுங்கோ.

வவுனிக்குளம்:
தடவிப் பாத்தன் அண்ணை. கூரை ஈரத்தில தெளிஞ்சிட்டுது. பலகை அப்படியே மினுங்குது.

கனகராயன்:
அப்ப பலகையை முதல் பாருங்கோ. மெல்லிய ஊசியால வெள்ளிப் பகுதியில மட்டும் நாலைஞ்சு துளை. எழுத்தில குத்தாதேங்கோ, இங்க்ஜெட் மை அந்தத் துளையால ஈரம் இழுத்துக் கலங்கும். சோல் ஒரு சின்னத் துளி, தூரிகை நுனியால. தேங்கினதை ரிசூவால ஒத்தி எடுங்கோ, தேங்க விட்டா கீழ அக்ரிலிக்கும் இளகும். காய்ஞ்சு பாத்து மிச்சம் இருந்தா திரும்பவும் ஒருக்கால்.

பிறகு பஸ் முழுக்கக் குளோஸ் வார்னிஷ், மெல்லிசாய். அநேகமாய்க் கூரைப் பாலும் அதோட தெளியும். ஸ்பிறேயில உள்ள கரைப்பான் ஆவியாகேக்க மேற்பரப்பு குளிரும். மழை ஈரம் அதில படிஞ்சு பூச்சுக்குள்ள மாட்டுப்பட்டதுதான் அந்த வெள்ளை. தடிப்பாய் அடிச்சாலும், ஸ்பிறே ரின்னைக் குலுக்காமல் அடிச்சாலும் இதே கோலம்தான், மட் தூள் அடியில தங்கிடும். திருப்பி மட் அடிக்கேக்க 2 நிமிஷமாவது குலுக்கி, முதல் ஒரு மட்டையில அடிச்சுப் பாருங்கோ.

முறிகண்டி:
நேரம்: பனி விட்டு வெயில் ஏறமுதல், காலமை 9 மணி போல. உச்சி வெயிலில துளி காத்திலயே காய்ஞ்சு சொரசொரப்பாய் விழும். சோளகக் காத்து வீசேக்க வெளியில அடிச்சா புழுதி ஒட்டும். 20–25 சென்றிமீற்றர் தூரம், பஸ்ஸுக்கு வெளியில தொடங்கி வெளியில நிப்பாட்டுங்கோ.

யன்னல் பிளாஸ்ரிக்கை இன்னும் பூட்டேல்லையெண்டா மட் முடியும்வரை பூட்டாதேங்கோ. அதில மட் பட்டா கண்ணாடி மங்கிப்போம்.