சாய்ந்த பலாமரம்: விற்பதா, அறுத்து வைத்துக்கொள்வதா?

காப்பித்தோட்டம்:
ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம். வீட்டுக்குப் பின்னால் தாத்தா வைத்த பலாமரம் போன மாதக் காற்றில் ஓட்டுக்கூரைப் பக்கம் சாய்ந்துவிட்டது. அனுமதி வாங்கி வெட்டினோம். அதில் ஏறியிருந்த மிளகுக்கொடியும் போயிற்று. அந்த வருத்தம் தனி. அடிமரம் கிளை பிரியும் இடம்வரை 12 அடி. நடுவில் நூல் பிடித்தால் சுற்றளவு 84 அங்குலம். வெட்டுவாயில் மஞ்சள் வைரம், அதாவது மரத்தின் கெட்டியான உள்பகுதி, அகலமாகத் தெரிகிறது.

மர வியாபாரி ஒருவர் வந்தார். டேப்பை வெளியே எடுக்கவே இல்லை. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இருபது கன அடி தேறும்" என்று விறகையும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். சேலத்தில் இருக்கும் அண்ணன், "கொடுத்துத் தொலை" என்கிறான். வீட்டில் எந்தப் பொருள் கிடந்தாலும் அவனுக்கு ஆகாது. அம்மாவுக்கு ஊஞ்சல் பலகை வேண்டும். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. மரமோ மழையில் கிடக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இழைப்புளி:
முதலில் மர வியாபாரத்தில் போடும் கணக்கு, அம்மணி. சுற்றளவை நான்கால் வகுத்தால் 21. இருபத்தொன்றை இருபத்தொன்றால் பெருக்கி, நீளம் 12-ஆல் பெருக்கி, 144-ஆல் வகுங்கள். 36.75 கன அடி. இந்தக் கணக்கே வாங்குகிறவருக்குச் சாதகமானது. உருண்டை மரத்தின் உண்மைக் கன அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இதில் விட்டுப்போகும். அதற்கும் கீழே ஒருவர் வெறும் கண்ணாலேயே பதினாறே முக்கால் கன அடியை விழுங்கியிருக்கிறார்!

மரம் என்னவாக வேண்டும் என்று இன்றே முடிவு செய்ய வேண்டியதில்லை. அறுப்பதைத்தான் தள்ளிப்போடக் கூடாது. உருட்டுக்கட்டையாகவே கிடந்தால் முனையிலிருந்து வெடிப்பு ஓடும், பட்டையை ஒட்டிய ஓரத்து வெள்ளையில் வண்டு துளைக்கும். வைரத்தைக் கரையான் சீக்கிரம் தொடாது. வெள்ளை அப்படியல்ல, அதைக் கழித்துவிடுங்கள். இன்றைக்கே கட்டையை நெம்பிக் கல்மேல் ஏற்றுங்கள். வீட்டில் மிச்சப் பெயிண்ட் இருந்தால் இரண்டு வெட்டுவாயிலும் கனமாகப் பூசுங்கள். பிறகு இரண்டு அங்குலப் பலகையாக அறுத்து, பலகைகளுக்கு இடையில் ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து, நிழலில் காற்றோட்டமாக அடுக்கி, மேலே பாரம் வையுங்கள். ஒரு வருடம் தொடாதீர்கள். அண்ணன் கேட்டால் காய்கிறது என்று சொல்லுங்கள், பொய்யில்லை.

தோட்டத்திலேயே சங்கிலி ரம்பத்தால் பலகை போட்டுத் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கால் அங்குலத்துக்கு மேல் தூளாகப் போய்விடும். மில்லுக்குக் கொண்டுபோவதே நல்லது.

அஸ்தம்பட்டி:
மாமரமாக இருந்தால் விற்றுவிடுங்கள் என்றே சொல்வேன். சென்டரிங் பலகைக்குத்தான் போகும். பலா வேறு. மிருதங்கமும் தஞ்சாவூர் வீணையும் அதில்தான் கடைகிறார்கள்.

சேலத்து மில்லுக்கு இறக்கும் முன் ஒரு வார்த்தை. மலைப்பகுதி மரங்களுக்கு 1955-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. வெட்ட வாங்கிய அனுமதி வேறு, லாரியில் கொண்டுபோக வாங்குவது வேறு. வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஏற்றுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிவந்து அடிவாரத்தில் லாரியை நிறுத்திவைத்தால் வாடகை உங்களுக்குத்தான் ஏறும். அப்புறம், மரத்தில் ஆணி, கம்பி ஏதாவது உண்டா? மில்லில் ரம்பப் பல் உடைந்தால் அந்தக் காசும் உங்கள் தலையில்.

காப்பித்தோட்டம்:
பெயிண்ட் பூசியாயிற்று. கோவில் திருவிழாவுக்கு வாங்கிய காவி நிறம். வெட்டுவாய் நாமம் போட்டது போல இருக்கிறது.

ஆணியைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். முதலில் இல்லவே இல்லை என்றார். அடுப்படிக்குப் போய்த் திரும்பி வந்து, கல்யாணமாகி வந்த புதிதில் மரம் காய்க்கவில்லை, ஆணி அடித்தால் காய்க்கும் என்று மாமியார் சொன்னார், ஐந்து ஆணி அடித்தேன் என்றார். மறு வருடமே காய்த்ததாம். நாற்பது வருடத்தில் மரம் அவற்றை மூடி வளர்ந்துவிட்டது. எல்லாம் அவருடைய நெஞ்சு உயரத்தில், அதாவது தரையிலிருந்து நாலு அடியில். அங்கே ஒரு அடித் துண்டை விறகுக்குத் தள்ளிவிட்டால் மேலே ஏழு அடிக்கு மேல் சுத்தமான கட்டை நிற்கும். ஊஞ்சல் பலகைக்கு அது தாராளம். அடித்துண்டை என்ன செய்வது என்று அடுத்த வருடம் பார்க்கலாம்.

ஒரே சிக்கல். ஐந்தில் நான்கு ஆணியின் இடத்தைத்தான் அம்மா உறுதியாகக் காட்டுகிறார்.