அன்றிரவு அவளைத் திருப்பி அனுப்பினேன்

யாழ்ப்பாணம், கோண்டாவிலில் இருந்து:

போன வருடத்திலிருந்து மனதில் கிடந்து உறுத்துகிற விசயம் இது. பக்கத்து வளவுப் பிள்ளை ஒருநாள் இரவு ஒன்பது மணி போல எங்கள் படலையைத் தட்டினாள். இடுப்பில் மகன் அரைத்தூக்கத்தில். அவளது காப்பு நெளிந்து மணிக்கட்டில் இறுகிப்போயிருந்தது, சவர்க்காரம் பூசித்தான் கழற்றினேன். அவள் அழவில்லை. "அக்கா, போனிலை சார்ஜ் இல்லை, கொஞ்சம் போட்டுத் தாங்கோ" என்று மட்டும் கேட்டாள்.

தேத்தண்ணி கொடுத்தேன். பிறகு செய்ததுதான் பெரிய பிழை. "குடிச்சிருக்கிறார் பிள்ளை, விடிய எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி, நானே டோர்ச் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். அவள் புருசனும் வாசலில் நின்று, "சின்னக் கொழுவல்தான் அக்கா" என்று மரியாதையாகவே கதைத்தார். அடுத்த முறை அவள் என்னிடம் வரவில்லை. கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று வேறு ஆட்கள் சொல்லித்தான் தெரியும்.

அங்கேயும் முதலில் "கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன்" என்றிருக்கிறாள். கட்டுப் போட்ட தாதி நம்பவில்லை. புருசன் வெளியே போன நேரம் பார்த்து மெதுவாக விசாரித்து, நட்பு நிலையத்துக்கு அனுப்பியிருக்கிறார். வன்முறைக்கு ஆளான பெண்களுக்காகப் பல அரச வைத்தியசாலைகளில் அது இருக்கிறது. "ஏன் இவ்வளவு நாள் அவனோடை இருந்தனீ எண்டு அங்கை ஒருத்தரும் கேக்கேல்லை அக்கா" என்று பல தரம் சொல்லிவிட்டாள். நான் கேட்டிருந்தேன், அதனால்தான் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். விவாகரத்து வழக்குப் போட்டிருக்க வேண்டியதில்லை. அவசரமென்றால் இடைக்காலக் கட்டளை உடனே கிடைக்கும், விசாரணை 14 நாட்களுக்குள் வைக்க வேண்டும். முழுக் கட்டளை 12 மாதம் வரை செல்லும். அவளும் கேட்டாள், புருசன் அந்த வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று கட்டளை வந்தது. அது அவளுடைய சீதன வீடு, உறுதிப் பத்திரம் அவள் பெயரில். அப்படியிருந்தும் அன்றிரவு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது அவள்தானே. எங்களில் ஒருவருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை.

சுன்னாகத்தில் இருந்து, ஒரு தகப்பன்:

தங்கச்சி, நீங்கள் ஒருமுறை அனுப்பினீர்கள். நான் பெற்ற தகப்பன், என் மகளை அடிக்கிற புருசனிடம் மூன்று முறை அனுப்பினேன். பொலிசிலும் இரண்டு பேரையும் ஒரே வாங்கில் இருத்திப் புத்தி சொல்லித்தான் விட்டார்கள்.

சீதனக் காணியில் ஒரு துண்டை விற்றுத் தையல் கடை போடலாம் என்று மகள் நினைத்தபோதுதான் அடுத்த பூட்டு. யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைப்படி மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. "என்மேலை போட்ட வழக்கை வாபஸ் எடு, கையெழுத்து வைக்கிறன்" என்று மருமகன் செய்தி அனுப்பினார். நியாயமில்லாமல் சம்மதம் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம் என்று சட்டத்தரணி சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. சீதன உறுதி எழுதிக் கொடுத்தவனே நான், இந்த விசயம் எனக்குத் தெரியாது.

பேரனுக்கு ஐந்து வயது. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். அதனால் நான் ஒழுங்கை முகப்பிலேயே எஞ்சினை நிறுத்தி, உருட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறேன்.

நெல்லியடியில் இருந்து:

என்னை அடித்தது மகன். எல்லாம் போதைதான் காரணம். இந்தச் சட்டம் மனைவிமாருக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர்தான், "பிள்ளை அடித்தாலும் கேட்கலாம் அம்மா" என்றார். பெற்ற பிள்ளையைக் கோட்டில் ஏற்றுவதா என்று இரண்டு கிழமை சாப்பாடு இறங்கவில்லை. உளவள ஆலோசனைக்குப் போகச் சொல்லியும் நீதிமன்றம் கட்டளையிடலாம் என்று கேள்விப்பட்டுத்தான் துணிந்தேன். போகிறான். சில கிழமை போகாமலும் விடுகிறான். ஆனால் இப்போது என் அறைக் கதவில் அலவாங்கு சாத்தி வைக்காமல் படுக்கிறேன்.

மறுபடியும் கோண்டாவில்:

அம்மா, நீங்கள் எழுதியதை அவளுக்கும் வாசித்துக் காட்டினேன். உதவிக்கு எடுக்க வேண்டிய போன் இலக்கங்கள்: பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929, உடனடி ஆபத்தென்றால் பொலிஸ் 119. போனில் வேறு பெயரில் பதிந்து வையுங்கள், அடிக்கிறவர் உங்கள் போனைப் பார்க்கிறவராக இருக்கலாம்.

வீட்டு உறுதி, அடையாள அட்டைப் பிரதி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு என் அலுமாரியில் வைத்திருக்கிறாள். கட்டளை முடிகிற திகதிக்கு இரண்டு வீட்டுக் கலண்டரிலும் வட்டம் போட்டிருக்கிறோம். அதற்கு முன்னரே நீடிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அன்றைக்கு நானும் கூடப் போகிறேன்.