அவசரம்: மதுரைக்குள்ள மதுரை வருது, என்ன தப்பு?

ராத்திரி_கோடு:
ஊர் விவரம் கிடைக்கிற ரெண்டு ஓப்பன் டேட்டாபேஸ், விக்கிடேட்டாவையும் ஜியோநேம்ஸையும், எங்க எக்செல் ஷீட்டோட சேத்தேன், தனித்தனியா பாத்தா எல்லாம் கரெக்டா இருக்கு, சேத்ததும் மதுரைக்கு ரெண்டு மக்கள்தொகை வருது, 10,17,865ன்னு ஒண்ணு 30,38,252ன்னு ஒண்ணு, மதுரை எதுக்குள்ள இருக்குன்னு கேட்டா மதுரைன்னே பதில் சொல்லுது. காலைல டெமோ. யாராச்சும் சீக்கிரம் ப்ளீஸ்

மாலா_ஆர்டிஎஃப்:
எந்த ட்ரிபிள் ஸ்டோர், அதான் டேட்டாவை இணைப்புகளா வெக்கிற டேட்டாபேஸ்? ரீசனிங், அதாவது இருக்கிற இணைப்புலேந்து புதுசா தானா முடிவுக்கு வர்றது, ஆன்ல இருக்கா? பேரை வெச்சு மேப் பண்ணீங்களா ஐடியை வெச்சா? இதெல்லாம் சொல்லாம எப்படிங்க

கொம்பும்காலும்:
யூனிகோட் பிரச்சினை, அடிச்சு சொல்றேன். "கொ"ல கொம்பும் காலும் தனித்தனி கோடாவும் வரும், சேந்து ஒரே கோடாவும் வரும், கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும். கொடைக்கானல் என்னை ரெண்டு நாள் சுத்தல்ல விட்டுச்சு. முதல்ல என்எஃப்சி போட்டு எல்லாத்தையும் ஒரே கோடா ஆக்குங்க

மாலா_ஆர்டிஎஃப்:
மதுரைல ஒகாரமே இல்லையே. அதோட அந்த கோளாறுன்னா ஒட்ட வேண்டியது ஒட்டாம போகும். இங்க ஒட்டக்கூடாதது ஒட்டிருக்கு

பழைய_கை:
இந்த மாதிரி இணைப்புகளை எழுதுற ஓடபிள்யூஎல் மொழி 2004ல வந்துச்சு. இன்னமும் இதே கேள்வி. அதுல சேம்அஸ்னு போட்டா ரெண்டும் ஒரே பொருள்னு அர்த்தம், ஒரே பேருன்னு இல்ல தம்பி. ஸ்பெக்கை ஒரு தடவை படிச்சுட்டு வாங்க

மாலா_ஆர்டிஎஃப்:
அண்ணே, சேம்அஸ் போட்டேன்னு அவர் இன்னும் சொல்லவே இல்ல

ராத்திரி_கோடு:
சேம்அஸ்தான் போட்டேன் 😅 பேரை வெச்சுதான். ரீசனிங் ஆன். ஃபைல்ல இப்படி இருக்கு
என்:மதுரை சேம்அஸ் விக்கி:மதுரை_நகரம்
என்:மதுரை சேம்அஸ் ஜியோ:மதுரை_மாவட்டம்

மாலா_ஆர்டிஎஃப்:
அப்புறம் என்ன. ரெண்டு வரியும் சேந்து நகரமும் மாவட்டமும் ஒண்ணுன்னு ஆயிடுச்சு. ரீசனர் இதோடதை அதுக்கும் அதோடதை இதுக்கும் எழுதி வெச்சிரும். முதல் எண் 2011 சென்சஸ்ல மாநகராட்சிக்கு, ரெண்டாவது மாவட்டத்துக்கு. நகரம் மாவட்டத்துக்குள்ள இருக்குன்னு விக்கிடேட்டா சொன்னது இப்ப மதுரைக்குள்ள மதுரை. ஜியோநேம்ஸ்ல ஃபீச்சர் கிளாஸ் பி-ன்னா ஊர், ஏ-ன்னா நிர்வாகப் பகுதி. விக்கிடேட்டால பி31 பாருங்க, இது என்ன வகைன்னு அதுதான் சொல்லும். ஷீட்லயும் ஊருக்கு ஒரு ஐடி மாவட்டத்துக்கு ஒரு ஐடி குடுத்துட்டு, ஸ்டோரை காலி பண்ணி மறுபடி லோட் பண்ணுங்க

சேலத்து_மாம்பழம்:
எதுக்கு இவ்ளோ பாடு, ஸ்காஸ்னு இன்னொரு சொல்தொகுதி இருக்கே, அதுல கிட்டத்தட்ட ஒண்ணுன்னு சொல்ற க்ளோஸ்மேட்ச் போட்டுட்டு தூங்க வேண்டியதுதானே. எக்ஸாக்ட்மேட்ச் சங்கிலியா தொடரும், இது தொடராது

பழைய_கை:
ஒண்ணு இன்னொண்ணுக்குள்ள இருக்கு, அதுல என்ன க்ளோஸ்

சேலத்து_மாம்பழம்:
சரி, அப்ப 2011 வேலூர் மாவட்டமும் இன்னைக்கு வேலூர் மாவட்டமும் சேம்அஸா? 2019ல ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிஞ்சு போச்சே. 2011 மக்கள்தொகை 39,36,331ஐ யார் தலைல கட்டுவீங்க

பழைய_கை:
மாவட்டம் அதேதான், எல்லைதான் மாறுச்சு. அண்ணன் தம்பி பாகம் பிரிச்சா அண்ணன் வேற ஆளா ஆயிடுவாரா?

சேலத்து_மாம்பழம்:
ஆள் மாறமாட்டார். ஆனா பழைய பத்திரத்தை காட்டி மொத்த நிலமும் என்னுதுன்னு சொன்னா தம்பி சும்மா இருப்பானா

தோல்_ஷாப்:
நான் ராணிப்பேட்டை. அந்த தம்பி நாங்கதான் 😂

மாலா_ஆர்டிஎஃப்:
2011 வேலூருக்கு தனி ஐடி குடுத்துட்டு எதுலேந்து எது பிரிஞ்சுதுன்னு ஒரு இணைப்பு போட்டா தீந்துது. டெமோக்காரர் எங்க போனார்?

பழைய_கை:
தனி ஐடி குடுக்க ஆரம்பிச்சா ஒவ்வொரு ஜிஓவுக்கும் ஒரு மாவட்டம் பிறக்கும்

ராத்திரி_கோடு:
பி31 வெச்சு பிரிச்சு மறுபடி லோட் பண்ணேன், மதுரைக்குள்ள மதுரை போயிடுச்சு, மாலாக்கா நன்றி. இப்ப திருச்சி நகரம் மட்டும் ரெண்டு தடவை வருது. டெமோ முடிச்சுட்டு வரேன்

மாலா_ஆர்டிஎஃப்:
ஷீட்ல எப்படி எழுதிருக்கீங்க, திருச்சின்னா திருச்சிராப்பள்ளின்னா?

கொம்பும்காலும்:
யூனிகோட்தான்