ஓசூரில் இலையின்றிப் பூத்து நிற்கும் இளஞ்சிவப்பு மரம் எது?

ஓசூர்வாசி:
எங்கள் குடியிருப்பின் சாலையோரத்தில், மாசி மாதத்தில் இலைகளை முற்றிலும் உதிர்த்துவிட்டு, கொத்துக் கொத்தாக இளஞ்சிவப்புப் பூக்களைச் சுமந்து நிற்கும் மரமொன்றை அடையாளம் காண உதவ வேண்டுகிறேன். பூ, இரண்டு மூன்று அங்குல நீளக் குழலாகத் தொடங்கி, நுனியில் சுருக்கங்களுடைய ஐந்து மடல்களாக விரிகிறது. தொண்டைப் பகுதி மஞ்சளாக உள்ளது. மந்தாரையோ என ஐயுற்றேன். ஆயினும் கீழே கிடந்த சருகுகளில் இரட்டைப் பிளவுள்ள இலை ஒன்றுகூட இல்லை.

தோட்டக்கலை ஆர்வலர்:
நீங்கள் கூறுவது டபேபுயா ரோசியாவாகவே இருக்கும். மெக்சிகோ முதல் ஈக்வடார் வரையிலான பகுதியைத் தாயகமாகக் கொண்ட இம்மரம், எல் சால்வடாரின் தேசிய மரமுமாகும். பெங்களூருச் சாலைகளில் ஏராளமாக நடப்பட்டிருப்பதால், பக்கத்திலிருக்கும் ஓசூரில் அதைக் காண்பதில் வியப்பில்லை. தளிர் விட்டதும் இலையைப் பாருங்கள்: ஒரே காம்பின் நுனியிலிருந்து பெரும்பாலும் ஐந்து சிற்றிலைகள் பிரியும்.

பாலக்கோடு விவசாயி:
எங்கள் பக்கம் தழையுரத்திற்காக வேலியோரம் வைக்கும் கிளைரிசிடியாவும் இதே பருவத்தில் இலையின்றி இளஞ்சிவப்பாகப் பூக்கும் என்பதால், அதையும் விலக்கிவிட்டு முடிவு செய்வது நல்லது. அதன் பூ அவரைப் பூவின் வடிவில் இருக்கும்.

தோட்டக்கலை ஆர்வலர்:
குழல் வடிவம் என்று அவர் தெளிவாகவே எழுதியிருப்பதால், கிளைரிசிடியாவுக்கு இடமில்லை என்பது என் கருத்து. ஐயம் நீங்காவிட்டால் காய்க்கும் வரை பொறுங்கள். டபேபுயாவின் காய் மெலிந்து நீண்டு தொங்கும், வெடித்ததும் மெல்லிய சிறகுள்ள விதைகள் காற்றில் பறக்கும். நாற்று விட விரும்பினால் அவற்றை உடனே விதைத்துவிடுங்கள். சேமித்து வைத்தால் முளைப்புத் திறன் விரைவில் குறைந்துவிடும்.