ஹெட்போனில் ‘ஙொய்’ சத்தம், வீட்டில் மட்டும். அவசரம்!

மொட்டைமாடி, இரவு 10.40
ஆபீஸுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று காசு சேர்த்து ஹெட்போன் செட்டப் போட்டிருக்கிறேன். ஆபீஸில் அருமை. வீட்டில் பாட்டே போடாமல் மாட்டினாலும் ‘ஙொய்’ என்கிறது. ஹெட்போனுக்குச் சத்தத்தைக் கூட்டித் தரும் ஆம்ப் பழுதா? திருப்பி அனுப்ப நாளைதான் கடைசி நாள். சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

ஓம்விதி, 10.52
என்ன ஹெட்போன்? என்ன ஆம்ப்? பாட்டு போனிலிருந்தா, லேப்டாப்பிலிருந்தா? எதையும் சொல்லாமல் பழுதா என்று கேட்டால் கிளி ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

வெள்ளிநூல், 10.58
கேபிள்தான், சந்தேகமே வேண்டாம். பெட்டியோடு வருகிற கேபிளை யாரும் பயன்படுத்தக் கூடாது. வெள்ளி பூசிய செம்புக் கேபிள் வாங்கி 100 மணி நேரம் ஓடவிடுங்கள், அப்புறம் பாருங்கள்.

பழைய டேப், 11.05
தம்பி, இந்தக் கேள்வி இங்கே வாராவாரம் வருகிறது. மேலே தேடல் பெட்டி வைத்திருப்பது அழகுக்கு இல்லை. உஸ்ஸென்ற இரைச்சல் வேறு, 50 ஹெர்ட்ஸ் கரண்டின் ரீங்காரம் வேறு, மவுஸை நகர்த்தினால் கீச்சிடுவது வேறு. உங்களுடையது எது? ‘ஙொய்’ என்று எழுதினால் எனக்கு என்ன தெரியும்?

தெம்பனிஸ்காரன், 11.09
ஆபீஸிலும் இதே ஆம்பா? வால்யூமைத் திருகினால் சத்தம் கூடுகிறதா, இல்லை ஒரே அளவில் நிற்கிறதா? இது முக்கியம்.

மொட்டைமாடி, 11.31
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். வீட்டில் சென்ஹைசர் எச்டி 600. லேப்டாப்பிலிருந்து யுஎஸ்பியில் டாக் (டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி), அதிலிருந்து ஆர்சிஏ ஒயரில் (ஒலி சிக்னலைக் கொண்டுபோகும் ஒயர்) ஆம்ப். ஆபீஸில் பேயர்டைனமிக் டிடி 770, 80 ஓம், லேப்டாப்பில் ஆப்பிள் டாங்கிள் (விரல் நீள ஹெட்போன் அடாப்டர்) செருகி அப்படியே. வீட்டில் வால்யூமோடு சத்தமும் கூடுகிறது. மவுஸை அசைத்தால் கீச்சொலி சேர்கிறது.

டாங்கிள்தாசன், 11.36
எச்டி 600-க்கு ஆம்ப் எதற்கு? அதே டாங்கிளை வீட்டிலும் போடுங்கள். ஆம்பும் இல்லை, சத்தமும் இல்லை.

ஓம்விதி, 11.44
அது 300 ஓம் ஐயா, மின்தடை அதிகம், ஓட்ட வோல்ட்டும் அதிகம் வேண்டும். ஆப்பிள் டாங்கிள் தருவது 1 வோல்ட். 300 ஓமில் அது 3.3 மில்லிவாட், அவ்வளவுதான். சினிமாப் பாட்டுக்குப் போதும். மெல்லப் பதிவு செய்த கச்சேரியைப் போட்டுப் பாருங்கள், தம்புரா காதிலேயே விழாது.

டாங்கிள்தாசன், 11.49
நான் கச்சேரிதான் கேட்கிறேன், அதே டாங்கிளில். காது உங்களுடையதா என்னுடையதா?

ஓம்விதி, 11.53
எதில் செருகியிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அதே டாங்கிள் பல ஆண்ட்ராய்டு போன்களில் முழு வால்யூம் தராது. ஐரோப்பாவில் விற்கிற மாடலோ பாதி வோல்ட்தான்.

தெம்பனிஸ்காரன், 11.58
உங்கள் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடி, வால்யூமோடு சத்தம் கூடுகிறது என்றால் அது ஆம்பின் வால்யூம் குமிழுக்கு முன்னாலேயே உள்ளே வருகிறது. ஆர்சிஏ ஒயரை ஆம்பிலிருந்து பிடுங்குங்கள். அமைதியானால் ஆம்ப் நல்ல ஆம்ப். ஒயரை மறுபடி மாட்டி, லேப்டாப் சார்ஜரை மட்டும் பிடுங்கிப் பாருங்கள்.

மொட்டைமாடி, 12.10
ஆர்சிஏ பிடுங்கினால் கப்சிப். சார்ஜரைப் பிடுங்கினாலும் போய்விடுகிறது!! சார்ஜர் பழுதா?

கரண்டுமணி, 12.14
எர்த் பிரச்சனை. சார்ஜர் பிளக்கில் மேலே தடியாக இருக்கிற பின்னை உடைத்துவிடுங்கள். நான் பத்து வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

பழைய டேப், 12.19
அதைச் செய்யவே செய்யாதீர்கள். அந்தப் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பது முதலில் அது தொட வேண்டும் என்பதற்காக. உள்ளே ஏதாவது பழுதானால் கரண்ட் போக அதுதான் வழி. அதை உடைத்தால், தலையில் மாட்டியிருக்கிற ஹெட்போன் வழியாகவும் போகலாம். பாட்டு கேட்க உயிரோடு இருக்க வேண்டும்.

கரண்டுமணி, 12.21
பத்து வருடம் என்று சொன்னேனே?

பழைய டேப், 12.23
ஹெல்மெட் போடாமல் பத்து வருடம் ஓட்டினவனும் அதைத்தான் சொல்வான்.

தெம்பனிஸ்காரன், 12.30
பெரியவர் சொல்வது சரி, அவர் தொனியை விடுங்கள். இன்னொரு சோதனை. சார்ஜர் போட்டபடி, யுஎஸ்பியைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பின் உலோக மூடி மேல் புறங்கையை லேசாக இழுங்கள். எறும்பு ஊர்வது போல சுருசுரு என்கிறதா? அப்படியென்றால் சார்ஜருக்கு எர்த் கிடைக்கவில்லை. அதன் கசிவு மின்சாரம் போக இடமில்லாமல் யுஎஸ்பி, டாக், ஆர்சிஏ ஒயரின் உறை என்று போய், ஆம்பின் எர்த்தில் இறங்குகிறது. அதைத்தான் நீங்கள் ‘ஙொய்’ என்று கேட்கிறீர்கள். சார்ஜர் எதில் செருகியிருக்கிறது?

மொட்டைமாடி, 12.38
சுருசுரு இருக்கிறது!! சார்ஜர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், ஆம்ப் சுவரில். பாக்ஸில் மூன்று ஓட்டை இருக்கிறதே?

கரண்டுமணி, 12.41
ஓட்டை இருக்கும், உள்ளே ஒயர் இருக்காது. விலை குறைந்த பாக்ஸ் பலவற்றின் கதை அது.

வெள்ளிநூல், 12.47
அந்த ஆர்சிஏ கேபிள் எத்தனை ரூபாய் என்று இன்னும் யாரும் கேட்கவில்லை.

ஓம்விதி, காலை 9.15
ஆமாம், இவர் ஆபீஸில் மூடிய வகை வைத்ததுதான் சரி. எச்டி 600 திறந்த வகை. பக்கத்து சீட்காரர் இலவசக் கச்சேரி கேட்டுக்கொண்டிருப்பார்.

மொட்டைமாடி, இரவு 8.02
பாக்ஸைத் திறந்தேன். பிளக்கிலிருந்து வருவதே இரண்டு ஒயர்தான். மூன்று ஒயர் பாக்ஸ் வாங்கி, சார்ஜரையும் ஆம்பையும் அதிலேயே போட்டேன். ரீங்காரம் போய்விட்டது. மவுஸ் கீச்சொலி மட்டும் வால்யூம் முழுதாக வைத்தால் லேசாக. ரிட்டர்ன் கேன்சல். நன்றி அண்ணே.

தெம்பனிஸ்காரன், 8.20
மகிழ்ச்சி. இப்போது இரண்டுக்கும் எர்த் இருப்பதால் இரண்டு எர்த்துக்கும் யுஎஸ்பி, ஆர்சிஏ ஒயர்களுக்கும் நடுவே சத்தம் சுற்றிவர சின்ன வளையம் ஒன்று மிச்சம். லேப்டாப்பையும் டாக்கையும் மின்னளவில் பிரிக்க யுஎஸ்பி ஐசொலேட்டர் வைக்கலாம். ஆனால் முழு வால்யூமில் எப்படியும் கேட்கப் போவதில்லையே. பாட்டு ஓடும்போது கேட்கிறதா?

தெம்பனிஸ்காரன், இரண்டு நாள் கழித்து
மொட்டைமாடி?

வெள்ளிநூல், அன்றே
கேபிளை மாற்றச் சொன்னேன்.