தம்பானை வேடர் கிராமத்துக்கு பிள்ளைகளோட போறோம், எப்படிப் போறது, எப்படி நடந்துக்கிறது?

ஹட்டன் அம்மா:
ஆகஸ்ட் லீவுல பிள்ளைகள் ரெண்டு பேரையும் தம்பானைக்கு கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கோம். மகனுக்கு பாடத்துல இலங்கை ஆதிவாசிகளான வேடர் பத்தி வந்துச்சு, அதுல இருந்து வில்லு அம்பு பார்க்கணும்னு ஒரே நச்சரிப்பு. கண்டிப் பக்கமா போறதா பதுளைப் பக்கமா? அங்க யாரோட எப்படி பேசணும்னும் சொல்லுங்க, தெரியாம ஏதும் பிழையா செஞ்சிடக் கூடாது.

பதுளை வேன்காரன்:
கண்டியால போனா மகியங்கனைக்கு முன்னால அந்த 18 வளைவு இறங்கணும் அக்கா, பிள்ளைகளுக்கு வாந்தி வரும்னா வயிறு நிறைய சாப்பிட வச்சுக் கூட்டிட்டு வராதீங்க. மகியங்கனையில இருந்து பதியத்தலாவை ரோட்டுல போங்க, யாரைக் கேட்டாலும் வழி சொல்லுவாங்க. காலையிலேயே போயிடுங்க, அந்தப் பக்கம் நம்ம ஊரு குளிர் கிடையாது, வெயில் கொளுத்தும்.

லயத்துப்பிள்ளை:
நாங்க போன வருஷம் போனோம். கும்பிடுறதோ கை குலுக்குறதோ இல்ல, ரெண்டு கையாலயும் நம்ம முழங்கைக்குக் கீழ பிடிச்சு "ஹொந்தமய்"னு சொல்லுவாங்க, நீங்களும் அப்படியே பிடிங்க. ஒரு பெரியவர் தோள்ல தொங்குன கோடாலியை என் தம்பி தொட்டுப் பார்க்கக் கேட்டான், அவர் கூர்ப்பக்கத்தை தன் பக்கம் திருப்பி வச்சுக்கிட்டு பிடியை மட்டும் இவன் கையில கொடுத்தாரு, அது இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது.

ஒண்ணு மட்டும் சொல்றேன், கேட்காம படம் எடுக்காதீங்க. எங்க அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறப்ப சுற்றுலா வர்றவங்க ரோட்டுல வேனை நிப்பாட்டி ஒரு வார்த்தை கேட்காம படம் எடுத்துட்டுப் போவாங்க, அம்மா கூடையோட மறுபக்கம் திரும்பி நிக்கும். எங்களோட வந்த கைடு அங்கயும் அதே மாதிரி "ஆடிக் காட்டுங்க"ன்னு ஒருத்தரை விரட்டுனாரு, எனக்கு நெஞ்சு கொதிச்சுப் போச்சு. 1983ல மாதுறு ஓயா தேசியப் பூங்கா வந்ததோட அவங்க வேட்டையாடின காடே அவங்களுக்கு இல்லாம போச்சு. மகனுக்கு வில்லு அம்போட சேர்த்து இதையும் சொல்லுங்க அக்கா, பாடப்புத்தகத்துல என்ன இருக்கோ தெரியாது.

வாகரை மருமகன்:
வேடர்னா தம்பானை மட்டும் இல்லங்க, எங்க வாகரைப் பக்கம் தமிழ் பேசுற வேடர் இருக்காங்க. நம்ம கதிர்காமத்து வள்ளியே வேடர் வீட்டுப் பொண்ணுதானே. தம்பானையில இப்போ தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோ, 1998ல அவர் அப்பா திசாஹாமி இறந்ததுக்குப் பிறகு வந்தவர். இருந்தா பார்த்து ரெண்டு வார்த்தை பேசுங்க. சிங்களம் தெரிஞ்ச யாராவது கூட இருந்தா நல்லது.

ஹட்டன் அம்மா:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். சிங்களம் எங்க வீட்டுக்காரர் நல்லா பேசுவாரு. மகன் இப்பவே தங்கச்சி கையைப் பிடிச்சு "ஹொந்தமய்" சொல்லிப் பழகிட்டு இருக்கான். தேன் வாங்குறதுன்னா போத்தல் நாங்க கொண்டு போகணுமா?